மூஸ் வேட்டைக்கு .30-06 போதுமா? எந்தத் தோட்டா?

புதுவில்லாளன் எழுதியது:

வணக்கம். வரும் பருவத்தில் மூஸ் மான் வேட்டைக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. இதுவரை சிறிய மான்களையும் காட்டுப்பன்றிகளையும் மட்டுமே சுட்டவன் நான். கையில் இருப்பது .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கி, குழல் நீளம் 56 சென்டிமீட்டர். அலமாரியில் மூன்று வகைத் தோட்டாக்கள் இருக்கின்றன: 150 கிரெயின் சாதாரண மென்முனை (முனையில் ஈயம் வெளியே தெரியும்), 180 கிரெயின் பாண்டட் (ஈயக் கருவையும் செம்புறையையும் ஒட்டியது), 165 கிரெயின் முழுச்செம்பு. கிரெயின் என்பது குண்டின் எடை, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4. 250 மீட்டருக்கு மேல் சுடும் எண்ணம் இல்லை. பெரும்பாலும் அடர்ந்த காடு, 100 மீட்டருக்குள்தான் விலங்கு தென்படும் என்கிறார்கள்.

உடன் வருபவர்களோ, ".300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் வராதே" என்கிறார்கள். புதுத் துப்பாக்கியே வாங்க வேண்டுமா, அல்லது இருக்கும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா?

பெருங்குழல் எழுதியது:

உடன் வருபவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவைத் தாண்டும். .30-06 ஒரு 180 கிரெயின் குண்டை வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. குழல்முனையில் சுமார் 3900 ஜூல். .300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டை 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது, 4700 ஜூல். 800 ஜூல் கூடுதலாகக் கிடைக்கும்போது அதை எதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? பெரிய விலங்கு என்றால் பெரிய தோட்டா. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வடகாட்டான் எழுதியது:

விவாதிக்க நிறையவே இருக்கிறது, பெருங்குழல். அந்த 800 ஜூல் விலங்கின் உடலுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நீங்கள் சொல்லவில்லை. ஜூல் கணக்கைப் பார்த்து மூஸ் விழுவதில்லை. இரண்டு நுரையீரலிலும் துளை விழுந்து, இரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்கு இரத்தம் போகாமல் நின்றால்தான் விழுகிறது. அந்தத் துளையைப் போடுவது குண்டு. அது உள்ளே போகும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு எடையைத் தக்கவைத்துக்கொள்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். தோட்டாவின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் பெருமைப்படும் மேக்னத்தையே எடுத்துக்கொள்வோம். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் ஒரு மூஸைச் சுட்டார். அவர் கையில் இருந்தது .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். அன்றைக்கு அதுவே பெரிய வேகம். விலங்கின் தோலில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. மெல்லிய உறை கொண்ட குண்டுகள் ஆழம் போகாமல் மேலேயே சிதறின. அந்த எரிச்சலில்தான் அவர் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டை உருவாக்கினார்: முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே நின்று ஆழம் போகும். 1948இலிருந்து அது விற்பனைக்கு வந்தது. பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது.

அன்று சிக்கலைத் தந்தது வேகக் குறைவா? வேகம் போதுமான அளவு இருந்தது. அந்த வேகத்தைத் தாங்கும் கட்டமைப்பு குண்டிடம் இல்லை. மென்மையான குண்டுக்கு மேக்னம் வேகம் கொடுத்தால், அருகில் நிற்கும் விலங்கின் மீது அது இன்னும் மோசமாக நடந்துகொள்ளும்.

பெருங்குழல் எழுதியது:

நல்ல கதை. ஆனால் அது 1946. இன்று என் மேக்னத்தில் பாண்டட் குண்டோ பார்ட்டிஷனோ போட்டுக்கொள்கிறேன். வேகமும் கிடைத்தது, கட்டமைப்பும் கிடைத்தது. இப்போது என்ன குறை?

வடகாட்டான் எழுதியது:

குண்டில் ஒரு குறையும் இல்லை. அப்படிப் போட்டால் .300 மேக்னம் அருமையான தோட்டாதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கூடுதலாகத் தருவது தூரம். 300, 400 மீட்டருக்கு அப்பாலும் குண்டு விரியத் தேவையான வேகம் மிஞ்சியிருக்கும். கேள்வி கேட்டவரோ 250க்கு மேல் சுடமாட்டேன் என்கிறார். பயன்படுத்தப் போகாத தூரத்துக்காகத் தோளில் அடி வாங்க வேண்டுமா?

பின்னுதைப்பைச் சும்மா நினைக்காதீர்கள். மூன்றரைக் கிலோ எடையுள்ள .30-06 துப்பாக்கியில் 180 கிரெயின் தோட்டா ஏறத்தாழ 27 ஜூல் பின்னுதைப்புக் கொடுக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் 35ஐத் தொடும். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 50. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சுடுதளத்தில் உட்கார்ந்து ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துப் பாருங்கள். விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு. மேக்னத்தால் வயிற்றில் சுடுகிறவனைவிட .30-06ஆல் நுரையீரலில் சுடுகிறவன் ஆயிரம் மடங்கு மேல்.

தராசுமுள் எழுதியது:

நானே தோட்டா நிரப்புகிறவன் என்பதால் எண்கள் இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுவில்லாளன், பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 61 செ.மீ. சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 5 செ.மீ. குறைவு. ஓர் அங்குலத்துக்கு வினாடிக்கு 7 அல்லது 8 மீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டால், பெட்டியில் இருப்பதிலிருந்து 15 மீட்டரைக் கழியுங்கள். பெரிய இழப்பில்லை, ஆனால் கணக்கைப் பெட்டியிலிருந்து தொடங்காமல் உங்கள் குழலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வேலை எல்லை உண்டு. ஈயக் கரு கொண்ட மென்முனைக் குண்டுகளில் பல, வினாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே தாக்கினால் சரியாக விரிவதில்லை. முழுச்செம்புக் குண்டுகளுக்கு அந்தக் கீழ் எல்லை சற்று மேலே, 600ஐ ஒட்டி இருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அவர்கள் சொல்லும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லைக்கும் கீழே போனால் குண்டு மெல்லிய துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு நெடுந்தூரம் ஓடும்.

உங்கள் குழலிலிருந்து 180 பாண்டடும் 165 செம்பும் 250 மீட்டரில் ஏறத்தாழ 650 மீட்டர் வேகத்தில் இருக்கும். இரண்டுமே எல்லைக்குள்தான். ஆக, தூரம் உங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, அதாவது கிட்டத்தில். 150 கிரெயின் சாதாரண மென்முனை 30 மீட்டரில் 840க்கு மேற்பட்ட வேகத்தில் தோள் எலும்பில் மோதினால் உறை கிழியும், கரு பிரியும், ஆழம் போகாது. அடர்ந்த காட்டில் உங்களுக்கு நேரப் போவதும் இந்த 30 மீட்டர்தான். அந்தப் பெட்டியைச் சிறிய மான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் அது நல்ல குண்டு.

இன்னொன்று, குறுக்குவெட்டு அடர்த்தி. குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. ஒரே கட்டமைப்பு, ஒரே வேகம் என்றால் இது கூடுதலாக உள்ளது ஆழமாகப் போகும். .30 காலிபரில், அதாவது குழல் விட்டம் 0.30 அங்குலமாக உள்ள துப்பாக்கிகளில், 150 கிரெயினுக்கு 0.226, 180க்கு 0.271. செம்புக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்தாதீர்கள். சாதாரண மென்முனைக் குண்டு உள்ளே போகும்போதே பாதி எடையை இழக்கக்கூடும்; செம்பு 95 விழுக்காட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளும். அதனால்தான் 165 செம்பு 180 ஈயத்தின் வேலையைச் செய்கிறது.

புதுவில்லாளன் எழுதியது:

மிக்க நன்றி, தராசுமுள். 150ஐ ஓரம் கட்டிவிட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் 6.5x55 (6.5 மில்லிமீட்டர் குண்டு) துப்பாக்கி கொண்டுவருகிறார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே அது போதாதா?

வடகாட்டான் எழுதியது:

சிரிப்பவர்கள் ஸ்வீடனுக்குப் போய்ச் சிரித்துப் பார்க்கட்டும். 1894இல் வந்த அந்தத் தோட்டா அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸைச் சாய்த்திருக்கிறது. எப்படி என்பதில்தான் பாடம். ஸ்வீடன், பின்லாந்து இரண்டிலும் மூஸுக்கான விதி குண்டின் எடையையும் 100 மீட்டரில் உள்ள ஆற்றலையும் சேர்த்துப் பார்க்கிறது. குண்டு 9 கிராம் முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் வேண்டும். 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 2000 ஜூல் போதும். கனமான குண்டுக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்.

6.5x55இல் 140 கிரெயின் குண்டு 9.1 கிராம், சாதாரணத் தோட்டாவில் அது 100 மீட்டரில் 2700 ஜூலை எட்டாது, ஆகவே தேறாது. 156 கிரெயின் குண்டு 10.1 கிராம், எளிதாகத் தேறிவிடும். ஒரே துப்பாக்கி, வேறு பெட்டி. அதன் குறுக்குவெட்டு அடர்த்தி 0.320, உங்கள் 180ஐவிட அதிகம். நீளமான, மெதுவான, ஆழம் போகும் குண்டு. உங்கள் நண்பர் எந்தப் பெட்டி கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். 156 என்றால் சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

யானைநெருஞ்சி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பகுதி .275 ரிக்பியால், அதாவது 7x57 மௌசர். காலிபர் என்பதே வீண் பேச்சு, குறி மட்டும்தான் எல்லாம்.

எலும்புநோக்கி எழுதியது:

பெல்லை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் பயன்படுத்தியது 173 கிரெயின், வட்டமுனை, முழு உறையிட்ட திடக்குண்டு. விரியவே விரியாது, நேராகத் துளைத்துப் போகும். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் நின்றால் மூளை எங்கே இருக்கும் என்று கற்றவர். அதோடு, அஞ்சாத நிதானமும் திறந்தவெளியில் யானைகள் மனிதனைக் கண்டு மிரளாத காலமும் அவருக்கு வாய்த்தன. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு .275ஐ மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து.

இன்று அதைச் சட்டமும் அனுமதிக்காது. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் காட்டெருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375ஐ அடிமட்டமாக வைத்திருக்கின்றன. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இன்றும் அலமாரியை விட்டுப் போகாததற்கு அது ஒரு காரணம். அங்கே கணக்கே வேறு: விலங்கு ஓடிப்போவது ஒரு கவலை, உங்களை நோக்கி ஓடிவருவது இன்னொரு கவலை. காட்டெருமைக்கு முதல் குண்டு உறுதியான விரியும் குண்டாகவும், பின்வருபவை திடக்குண்டாகவும் வைப்பவர்கள் உண்டு. ஓடும் எருமையின் பின்பக்கத்திலிருந்து நெஞ்சுவரை போக வேண்டியிருக்குமே. மூஸுக்கு இது எதுவும் தேவையில்லை.

இப்போது புதுவில்லாளனுக்கு. குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது விலங்கின் எடையைவிட அது நிற்கப்போகும் கோணத்தை நினையுங்கள். பக்கவாட்டில் நிற்கும் மூஸின் இதய நுரையீரல் பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. அளவுடையது, விலா எலும்பு மட்டும்தான் குறுக்கே. இங்கே எந்த நல்ல குண்டும் வேலை செய்யும். கொஞ்சம் பின்புறம் திரும்பி நின்றால் குண்டு வயிற்றின் ஓரத்தைக் கடந்து முன்னோக்கி நுரையீரலை அடைய வேண்டும். பாதை இரு மடங்காகிறது. உங்களை நோக்கிச் சாய்ந்து நின்றால் முதலில் தோள் எலும்பு, அதன் மேல் தடித்த சதை. இந்த இரண்டு கோணங்களும்தான் சாதாரண மென்முனையையும் பாண்டட் குண்டையும் பிரித்துக் காட்டும். நேர்பின்னால் தெரிந்தால் சுடாதீர்கள். அதற்கேற்ற தோட்டா எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மறுபக்கம் துளைத்து வெளியேறும் குண்டை வீண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். இரண்டு துளையிலிருந்தும் இரத்தம் சொட்டினால் தடம் பிடிப்பது எளிது. ஈரமான பாசித் தரையில் ஒற்றைத் துளை, அதுவும் உயரத்தில் என்றால், நெஞ்சுக்கூடு நிரம்பும்வரை வெளியே ஒரு சொட்டும் வராது.

பெருங்குழல் எழுதியது:

எலும்புநோக்கி சொன்ன கோணக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் சாய்ந்து நிற்கும் விலங்குக்கு ஆழம் வேண்டும் என்றால், அதே பாண்டட் குண்டு இன்னும் வேகமாகப் போனால் இன்னும் ஆழம் போகும்தானே?

தராசுமுள் எழுதியது:

விரியும் குண்டுக்கு எப்போதும் அப்படி இல்லை. வேகம் கூடினால் முன்முனை இன்னும் அகலமாகக் காளான் விரிவதுபோல் விரியும். அகலம் கூடினால் எதிர்ப்பும் கூடும். ஒரே குண்டு 100 மீட்டரில் தாக்கும்போது போகும் ஆழத்தைவிட 250 மீட்டரில் தாக்கும்போது கூடுதல் ஆழம் போவதுண்டு. நம்பிக்கை இல்லையென்றால் ஈரத்தாள் கட்டுகளில் சுட்டுப் பாருங்கள். திடக்குண்டுக்கு மட்டும்தான் உங்கள் வாதம் நேராகப் பொருந்தும்.

ஈரநிலம் எழுதியது:

யாரும் ஈயத்தைப் பற்றிப் பேசவில்லையே. சுட்ட இறைச்சியைக் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். வேகமான ஈயக் குண்டு விலங்குக்குள் நுண்துகள்களாகச் சிதறுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. காட்டிலேயே விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது போய்ச் சேரும். கலிபோர்னியப் பிணந்தின்னிக் கழுகு 1982இல் உலகிலேயே 22 பறவைகளாகச் சுருங்கியதற்கும், பின் மீண்டு வருவதில் உள்ள தடைகளுக்கும் ஈய நஞ்சு ஒரு பெரிய காரணம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. என் ஓட்டு 165 செம்புக்கு.

வடகாட்டான் எழுதியது:

நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன், ஈரநிலம். ஆனால் செம்பை வாங்குகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்து வாங்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. ஆகவே ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகச் சுழல, குழலின் உள்ளே வெட்டிய சுருள்பள்ளத்தின் முறுக்கு வேகமாக இருக்க வேண்டும். .30-06இல் பொதுவாக உள்ள 10 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு 165க்குத் தாராளம். மெதுவான முறுக்குள்ள பழைய துப்பாக்கிகளில் கனமான செம்பைப் போட்டால் குண்டு தள்ளாடும். தாளில் சாவித்துளை வடிவத் துளைகள் விழுந்தால் அதுதான் அறிகுறி. எனவே செம்பில் ஒரு படி எடை குறைத்தே வாங்குங்கள்.

மேலும், ஈயம் சுட்ட குழலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் செம்புக்கு மாறுங்கள். மாறிய கையோடு வரும் முதல் சில குண்டுகளின் குழுமத்தை (தாளில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை)ப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

செம்பு பிடிக்கவில்லை, அல்லது உங்கள் குழலுக்கு அது ஒத்துவரவில்லை என்றால் 180 பாண்டட் இருக்கிறது. ஈயக் கருவும் செம்புறையும் பிரியாமல் ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் எடையைக் காப்பாற்றிக்கொள்ளும். மூஸுக்கு முன்னால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

சில்லறைக்காசு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் .30-06 ராணுவ உபரித் தோட்டா பெட்டி பெட்டியாக இருக்கிறது. முழு உறை. அதையே பயன்படுத்தினால் என்ன?

எலும்புநோக்கி எழுதியது:

சுடுதளத்தில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராணுவக் குண்டுகள் விரியாமல் செய்யப்படுகின்றன; 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது அதற்கு ஒரு காரணம். வேட்டையில் தேவை நேர் எதிரானது. பல நாடுகளில் பெரிய விலங்குகளுக்கு முழு உறைக் குண்டு சட்டவிரோதமும்கூட. மூஸ் உடம்பில் மெல்லிய துளையோடு நாள்கணக்கில் அலைந்து சாகும்.

நடுவர் எழுதியது:

உங்கள் பகுதியின் குறைந்தபட்சக் காலிபர், ஆற்றல், ஈயத் தடை விதிகளை உரிமம் தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இழையில் சொன்ன நாட்டு விதிகள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே.

புதுவில்லாளன் எழுதியது:

மேக்னம் வாங்கப் போவதில்லை. 165 செம்பு, அல்லது 180 பாண்டட்; சுடுதளத்தில் எது இறுக்கமான குழுமம் தருகிறதோ அது. குளிர் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பருவத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும். அப்புறம், செம்புத் தோட்டா இரண்டு பெட்டி இருக்கிறது, இரண்டிலும் தொகுதி எண் வேறு. அது முக்கியமா?

தராசுமுள் எழுதியது:

குளிரில் வெடிமருந்து மெதுவாக எரியும், வேகம் குறையும். உங்கள் தூரத்தில் அது சில சென்டிமீட்டர்தான், கவலை வேண்டாம். அதைவிட, குளிர் உறைந்த கையுறையோடு விசையை அழுத்திப் பழகுவது பயன் தரும். ஸ்கோப்பை 200 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 250 வரை மையத்தைக் குறிவைத்தே சுடலாம். 300க்குப் போனால் ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். நீங்கள் அங்கே சுடவும் போவதில்லை. மேசையில் சாய்ந்து குழுமம் பார்த்தது போதும் என்று தோன்றியதும், மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். காட்டில் மேசை கிடைக்காது.

தொகுதி எண் முக்கியம். ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் மருந்துத் தொகுதி மாறினால் வேகமும் தாக்கும் இடமும் சற்று நகரலாம். ஒரு தொகுதியில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு இன்னொன்றை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். எண் ஒத்த பெட்டிகளாக இன்னும் இரண்டு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தனித்து நிற்கும் பெட்டியைப் பயிற்சியில் தீர்த்துவிடுங்கள். வாங்கும்போது தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் படியுங்கள். .300 என்று தொடங்கும் தோட்டாக்களே பல. உங்கள் குழுவில் அந்த மேக்னம்காரர்களின் தோட்டாவும் உங்களுடையதும் ஒரே பையில் கலக்க வேண்டாம்.